வேலை மாறுகிறவர்கள் – 7: கடைக்காரருக்குத் தெரிந்த கணக்கு

கொல்கத்தா மெட்ரோவின் பச்சைத் தடம், ஹௌரா மைதானிலிருந்து சால்ட் லேக் செக்டர் ஃபைவ் வரை முழுதாக ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்ட் 22-ல். அதுவரை எஸ்பிளனேடுக்கும் சியால்தாவுக்கும் நடுவில் தடம் இணையாமல் கிடந்தது. இப்போது எஸ்பிளனேடில் இறங்கினால், 1874-ல் திறந்த நியூ மார்க்கெட்டும் அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான துணிக்கடை, செருப்புக்கடைகளும். செக்டர் ஃபைவில் இறங்கினால் ஐ.டி. கம்பெனிகள். முதல் இடத்தில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் எத்தனையோ பேருக்கு, இரண்டாவது இடத்தில் ஒரு நாற்காலி கிடைக்காதா என்ற ஏக்கம் உண்டு. இந்த வாரம் அவர்களைப் பற்றி.

நவீன சில்லறை வணிகத்துக்குக் கொல்கத்தா புதிய ஊர் இல்லை. கிஷோர் பியானி தன் முதல் பெரிய பேன்டலூன்ஸ் கடையை 1997-ல் திறந்தது இங்கே, கரியாஹாட்டில். 2001-ல் அவருடைய பிக் பஜார் பிறந்தபோது அதன் முதல் கடைகளில் ஒன்று இந்த ஊரில்தான். நம் மவுண்ட் ரோட்டில் 1863-ல் ஆரம்பித்த ஸ்பென்சரின் பெயர் தாங்கிய கடைகளுக்கும் இன்று தலைமையகம் கொல்கத்தா. வேலை நிலைக்கும் என்று நம்பி, பிளஸ் டூவோ பி.காமோ முடித்த கையோடு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நின்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். 2022-ல் பிக் பஜாரை நடத்திய ஃபியூச்சர் ரீடெயில் திவால் நடவடிக்கைக்குப் போனது. நாடு முழுக்கப் பெயர்ப்பலகைகள் இறங்கின. முப்பது வயதைத் தாண்டியவர்கள், இனி என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அவர்களுக்கு ஊரே சொல்லும் யோசனை ஒன்றுதான்: "கோடிங் கத்துக்கோ." எனக்கு இதில் உடன்பாடில்லை. பத்து வருட அனுபவத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு, கல்லூரியை இப்போதுதான் முடித்த பிள்ளைகளோடு அதே வரிசையின் கடைசியில் போய் நிற்கச் சொல்லும் யோசனை அது. கடையில் கற்றதற்கே ஐ.டி.யில் விலை உண்டு. அதை எப்படிச் சொல்லிக் கேட்பது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். வாடிக்கையாளர் நான்கு ஷாம்பூ பாட்டில் கொண்டுவருகிறார். ஒரே கம்பெனி, ஒரே விலை, ஆனால் இரண்டு மல்லிகை, இரண்டு எலுமிச்சை. பின்னால் வரிசை நீள்கிறது. கேஷியர் ஒரு மல்லிகை பாட்டிலை ஸ்கேன் செய்து, எண்ணிக்கையில் 4 என்று அடித்துவிடுகிறார். பில் தொகை சரி. ராத்திரி கல்லாக் கணக்கும் சரி. ஆனால் கம்ப்யூட்டரின் கணக்கில் மல்லிகையில் இரண்டு கூடுதலாகக் குறைந்துவிட்டது. எலுமிச்சையில் விற்றுப்போன இரண்டும் இன்னும் அலமாரியில் இருப்பதாகப் பதிவு. இப்படியே ஒரு மாதம் போனால், எலுமிச்சை ஷாம்பூ ரேக்கில் ஒன்றுகூட இருக்காது. கம்ப்யூட்டரோ ஸ்டாக் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு புது ஆர்டரே போடாது. கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். இன்னொரு பக்கம், தேவையில்லாத மல்லிகை பெட்டி பெட்டியாக வந்து குடோனில் இறங்கும்.

ஆர்டர் ஏன் போகவில்லை என்று சாஃப்ட்வேர்க்காரர்கள் புரோகிராமை வரி வரியாகத் தேடுவார்கள். புரோகிராமில் தவறே இருக்காது. கவுண்டரில் நின்றவர் கணக்கைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார்: "இது ஸ்கேன் பண்ணாம நம்பர் அடிச்ச கேஸ் சார்." ஒரே பொருளில் ஒரு வாசனை மைனஸ், இன்னொன்று பிளஸ், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதே அவருக்குப் போதும். இந்த அறிவு எந்த இன்ஜினியரிங் கல்லூரிப் பாடத்திலும் இல்லை.

2025 பூஜை சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியது செப்டம்பர் 22, மஹாளயாவுக்கு மறுநாள். துர்கா பூஜைக்கு வங்காளமே துணிக்கடையில் நிற்கும் வாரம் அது. ஷாம்பூவுக்கு 18 சதவீதம் 5 ஆனது. ஆயத்த ஆடைக்கு 5 சதவீத வரி என்ற சலுகை, ஆயிரம் ரூபாய் வரை என்றிருந்தது 2,500 வரை என்று உயர்ந்தது. 20-ம் தேதி 1,800 ரூபாய்க்கு வாங்கிய குர்த்தா, 12 சதவீத வரியில் பில்லானது. அளவு சரியில்லை என்று பூஜைக்கு முதல் நாள் மாற்ற வருகிறார்கள். பழைய பில்லை எந்த வரியில் திருப்புவது, புதிய பில்லை எந்த வரியில் போடுவது? 4,000 ரூபாய் சட்டை பாதி விலைத் தள்ளுபடியில் 2,000-க்குப் போனால், வரி தள்ளுபடிக்குப் பிந்திய விலைக்குத்தானே? ரேக்கில் இருக்கும் பழைய எம்.ஆர்.பி. சரக்கும் புதிய எம்.ஆர்.பி. சரக்கும் ஒரே பார்கோடில் வந்தால் பில்லிங் எந்த விலையை எடுக்கும்? இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதி, சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்ப்பதற்குப் பெயர்தான் டெஸ்டிங். கடையில் வசை வாங்கியவருக்கு இந்தக் கேள்விகள் தானாக வரும்.

ஆகவே அவர்களுக்கு உகந்த வாசல்கள் எவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடைகளின் பில்லிங் மெஷின் நின்றுபோனால் போனில் உதவும் சப்போர்ட் வேலை. ரீடெயில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். சாஃப்ட்வேரைக் கடையில் நிறுவி ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை. டி.சி.எஸ்., காக்னிசன்ட் போன்ற பெரிய கம்பெனிகளில் சில்லறை வணிகத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆனால் பட்டம், மதிப்பெண் சதவீதம் என்று அங்கே கேட் உயரம். பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் சிறிய கம்பெனிகளில் முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது. டேலியே அப்படிப் பிறந்ததுதானே! தன் வியாபாரக் கணக்கை எழுதச் சரியான சாஃப்ட்வேர் கிடைக்காத ஷ்யாம் சுந்தர் கோயங்கா, கணிதம் படித்த மகன் பரத்தை அதை எழுதச் சொன்னார். 1986-ல் ஆரம்பித்த அந்த வேலை, இன்று இந்தியக் கடைத்தெருக்களின் கணக்குப்பிள்ளை.

படிக்க வேண்டியது இல்லாமல் இல்லை. எஸ்.கியூ.எல். கட்டாயம். 'ஸ்டாக் மைனஸில் போன பொருட்களை மட்டும் காட்டு' என்று டேட்டாபேஸிடம் நாமே கேட்கத் தெரிய வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சில மாதங்களில் கைவந்துவிடும். டெஸ்டிங்குக்கு ஐ.எஸ்.டி.கியூ.பி. அடிப்படைத் தேர்வு இருக்கிறது: 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியானால் தேர்ச்சி. தேர்வின் மொழி தாய்மொழி இல்லாதவர்களுக்கு 15 நிமிடம் கூடுதல். பட்டம் இல்லாதவர்கள் மத்திய அரசின் நைலிட் நடத்தும் 'ஓ' லெவல் கம்ப்யூட்டர் படிப்பைப் பார்க்கலாம். பிளஸ் டூ போதும்.

எதைக் கண்டு ஒதுங்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று போர்டு வைத்து, கட்டணத்துக்கு அங்கேயே கடன் படிவத்தை நீட்டும் பயிற்சி மையங்களில் கையெழுத்துப் போடாதீர்கள். போன பேட்ச்சில் வேலை கிடைத்த இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். இன்னும் மோசம், மூன்று வருட ஐ.டி. அனுபவம் இருப்பதாகப் போலிச் சான்றிதழ் தருகிறோம் என்பவர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் அது வெளிப்பட்டால், கிடைத்த வேலையும் போய், பெயரும் கெடும்.

ஐ.டி. வேலை நிரந்தரம் என்ற நினைப்பும் வேண்டாம். 2025 ஜூலையில் டி.சி.எஸ்.ஸே 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. இதே கொல்கத்தாவில் 1960-களில், எல்.ஐ.சி. கொண்டுவந்த கம்ப்யூட்டர் வேலையைப் பறித்துவிடும் என்று ஊழியர்கள் போராடினார்கள். அந்தப் பயம் இப்போது கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கே வந்திருக்கிறது. முதல் சம்பளம் ஃப்ளோர் மேனேஜர் சம்பளத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து பேசி, ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

கடை மூடிப்போனவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிலீவிங் லெட்டர் தர ஆளில்லை, அனுபவத்தை எப்படிக் காட்டுவது என்று கலங்க வேண்டாம். உங்கள் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணில் நுழைந்து, பாஸ்புக்கையும் பணிவரலாற்றுப் பக்கத்தையும் பிரதி எடுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, கம்பெனியின் பெயர் அதில் இருக்கும். சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பதும் அதைத்தான். விலகிய தேதி பதிவாகாமல் இருந்தால், கடைசியாகப் பணம் வரவான மாதத்துக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே அந்தத் தளத்தில் பதியலாம். விண்ணப்பம் போடும் முன் இதை முடித்துவிடுங்கள்.

(தொடரும்)