மூவாயிரம் ரூபாய்க்குப் போய் புகாரா?

புரட்டாசி பாதி தாண்டினால் போதும், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கிற கீழ்பென்னாத்தூரிலும் செல்போனைத் திறந்தால் சிவகாசிப் பட்டாசுதான். ‘80 சதவீதத் தள்ளுபடி’, ‘ஃபேக்டரி விலை’, ‘இன்றே கடைசி’ என்று விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. பிள்ளைகள் கிஃப்ட் பாக்ஸ் கேட்டு அடம்பிடிக்கிற வீட்டில் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் ஜிபே வழியாக நொடியில் போய்விடுகிறது.

2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவு இப்படிப்பட்ட விளம்பரங்களில் நடக்கும் பட்டாசு மோசடி பற்றி எச்சரிக்கை விடுத்தது. யூடியூபில் விளம்பரம் பார்த்த ஒருவர் வாட்ஸ்அப்பில் விசாரித்திருக்கிறார். அங்கிருந்து காட்டப்பட்ட இணையதளத்தில் 4,999 ரூபாய் கட்டியிருக்கிறார். அந்தத் தளமே போலி. செப்டம்பர், அக்டோபரில் இப்படி 17 புகார்கள் வந்ததாகக் காவல்துறை சொன்னது.

மாநிலம் முழுக்க வெறும் 17 என்றால், ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் வாயே திறக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பயம் கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

பட்டாசு மோசடி மற்ற ‘ஆஃபர்’ மோசடிகளைவிட சுலபமாக நடக்கக் காரணம் உண்டு. மின்வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ல் உத்தரவிட்டது. புடவையும் மிக்ஸியும் வாங்குகிற பழக்கப்பட்ட ஆப்களில் பட்டாசு கிடையாது. அந்த இடத்துக்குத்தான் பேர் தெரியாத தளங்கள் நுழைகின்றன. பணம் போன பிறகு, ‘ஆன்லைனில் வாங்கியதே தப்போ, நம்மையே கேள்வி கேட்பார்களோ’ என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொன்று, பட்டாசைத் தபாலில் அனுப்ப முடியாது. சிவகாசியிலிருந்து நிஜமாகவே வரும் பெட்டியும் லாரியில்தான் வரும். பார்சல் ஆபீசுக்குப் போய் நாமே எடுத்துவர வேண்டும். இந்தத் தாமதம் திருடனுக்கு வசதி. “லோடு ஏத்தியாச்சு சார், ரெண்டு நாள்ல வந்துரும்” என்பான். ரெண்டு நாள் கழித்து, “மழை, லாரி லேட்டு” என்பான். பிறகு நம்பரே எடுக்காது. இழப்பு தெரியவரும்போது ஒரு வாரம் ஓடியிருக்கும். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் சென்று, எடுக்கப்படாமல் மிச்சமிருப்பதை முடக்க முடியும். அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம், வாரக்கணக்கு கிடையாது.

நேர்மையாகச் சரக்கு அனுப்பும் சிவகாசி வியாபாரிகளும் இருக்கிறார்கள், ஊர்க்கடையைவிட அங்கே விலை குறைவு என்பதும் பொய்யல்ல. ஆனால் முகம் தெரியாத ஒருவருக்கு முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டச் சொல்வதற்கு அது சமாதானம் ஆகாது.

பணம் அனுப்பும் திரையை ஒரு நிமிடம் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பின் நம்பர் போடுவதற்கு முன் கணக்கு வைத்திருப்பவர் பெயர் மேலே வரும். விளம்பரத்தில் ‘டிரேடர்ஸ்’ என்றிருந்து, திரையில் சம்பந்தமே இல்லாத தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். லாரியில் ஏற்றியாகிவிட்டது என்றால் எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதின் படத்தைக் கேட்டு, அந்த டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கே போன் போட்டு விசாரிக்கலாம். அதற்கும் சாக்கு சொன்னால் காத்திருக்கத் தேவையில்லை, அன்றைக்கே 1930.

பொருள் பழுதாக வந்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கீழ்பென்னாத்தூர்க்காரருக்கு அது திருவண்ணாமலை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் எதிர்மனுதாரர் என்று எழுத ஒரு பெயரும் முகவரியும் வேண்டும். போலித் தளத்துக்கு அது ஏது?

அதனால்தான் கையில் இருக்கும் தடயம் முக்கியமாகிறது. பலர் ஆத்திரத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்து, நம்பரை பிளாக் செய்துவிடுகிறார்கள். அந்த உரையாடல், பணம் போன நேரம், அந்தப் பரிவர்த்தனைக்கான 12 இலக்க யூ.டி.ஆர். எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாமே புகாருக்குத் தேவை. இழந்தது 500 ரூபாயாக இருந்தாலும் 1930-ல் பதிவு செய்யலாம். அதே வங்கிக் கணக்கின் மேல் வேறு ஊர்களிலிருந்து வரும் புகார்களோடு அதுவும் சேரும்.