மொட்டை மாடியில் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள்

மழைக்காலத்தில் அறையின் கூரையில் ஈரத்திட்டு தெரிந்ததும், மாடிக்கு ஏறி அதற்கு நேர் மேலே பூச்சு அடிக்கச் சொல்பவர்கள் அதிகம். பெரும்பாலும் காசுதான் வீண். தட்டோட்டின் இடுக்கில் இறங்கும் தண்ணீர், அடியில் உள்ள ஜல்லித் தளத்துக்குள் பல அடி ஊர்ந்துபோய், கான்கிரீட்டில் விரிசல் கிடைத்த இடத்தில் சொட்டும். நுழைந்த இடம் கைப்பிடிச் சுவரோர மூலையாகவோ மழைநீர்க் குழாயின் வாயாகவோ இருக்கலாம்.

வெயிலுக்கும் இதில் பங்குண்டு. 10 மீட்டர் நீளக் கான்கிரீட் தளத்தின் வெப்பம் 30 டிகிரி ஏறினால் அது சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், குளிர்ந்தால் சுருங்கும். கைப்பிடிச் சுவர் அதே அளவு அசைவதில்லை. இழுபறியில் மூலை பிளக்கிறது.

மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய கூரை முறையின் காலத்துக் கொத்தனார்கள் இந்த அசைவுக்கு இடம் கொடுத்தார்கள். செங்கல் ஜல்லியை நீற்றிய சுண்ணாம்பில் கலந்து வாட்டமாகப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டும் கட்டை துள்ளி எழுந்தால்தான் தளம் இறுகியதாகக் கணக்கு. சிமெண்டைவிடச் சுண்ணாம்பு நெகிழ்வானது. மயிரிழை விரிசல்களை ஈரத்தில் கரைந்து படிந்து தானே ஓரளவு அடைத்தும்கொள்ளும். இன்று அதே ஜல்லியில் சிமெண்டைக் கலந்து அரை நாளில் முடித்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தத்தில் 'வாட்டர் ப்ரூஃபிங் செய்து தரப்படும்' என்று ஒற்றை வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 10 அடிக்கு 2 அங்குலமாவது வாட்டம், பூச்சு எத்தனை கோட், முடிந்த தளத்துக்கு மேல் சுவரில் அது 6 அங்குலமாவது ஏறுவது, மூலையைக் கலவையால் சரிவாக மெழுகுவது என எல்லாம் எழுத்தில் வேண்டும். பூச்சு செங்குத்தாக மடிந்தால் அங்கேதான் முதலில் விடும்.

பூச்சு காய்ந்ததும், ஜல்லி போடுவதற்கு முன்பே, குழாய் வாயை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழிருந்து கூரையைப் பார்க்க வேண்டும். ஓடு பதித்தபின் கசிந்தால் எல்லாவற்றையும் பெயர்க்க நேரும். சோலார் தாங்கிகளுக்கான கான்கிரீட் பீடங்களையும் பூச்சுக்கு முன்னரே கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு வருபவர் ட்ரில் மெஷினோடுதான் வருவார்.