கட்டிலுக்கடியில் ஒரு கெஸ்ட்!

'பேரிகை' என்றால் தமிழில் முரசு. பேருக்கேத்த ஊர்தான்! ஓசூரிலிருந்து பாகலூர் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டியிருக்கும் இந்த ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள். லோடு ஏற்றிய லாரி ஒரு பக்கம், ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் இன்னொரு பக்கம், சீஸன் வந்தால் எருது விடும் விழா என்று ஏதாவது ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். இப்படி ஒரு இடத்தில், பயந்த சுபாவமுள்ள தெருநாய் ஒன்றை நீங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தால் என்ன ஆகும்?

நேரா கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கும். முதல் நாள் சோற்றைத் தொடாது. மறுநாள் எல்லோரும் தூங்கியபிறகு வந்து தட்டை நக்கிவிட்டு, திரும்பவும் கட்டிலுக்கடியில் ஆஜர். 'பாசமே இல்லாத ஜந்துவா இருக்கே'ன்னு வீட்டில் பேச்சு கிளம்பும். மேட்டரே அங்கேதான் பாஸ் ஆரம்பிக்குது!

இதை இப்போ ஏன் பேசணும்? 2025 நவம்பர் 7 அன்று சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரவு போட்டது. பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் வளாகங்களில் இருக்கும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு காப்பகத்துக்கு அனுப்பணும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது. அதே வழக்கில் ஆகஸ்ட் 22-ம் தேதி உத்தரவில், விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சியில் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம் என்றும், அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்றும் கோர்ட் சொல்லியிருந்தது. அதாவது, உங்க கேன்டீன் பின்னாடி பரோட்டா துண்டுக்குக் காத்திருக்கும் ஜீவனுக்கு ஒரு வீடு தேவைப்படலாம். வாலாட்டி வருவதை யாராவது கூட்டிப்போவார்கள். சுவரோரமாகச் சுருண்டு கிடக்கிறதே, அதை யாரும் தொட மாட்டார்கள். நான் பேசுவது அதைப் பற்றித்தான்.

பயந்த நாயைப் பார்த்ததும் 'யாரோ அடிச்சிருக்காங்க' என்போம். எப்போதும் அப்படி இல்லை. 1961-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வெளியானது. நாய்க்குட்டிகளை மனித வாடையே இல்லாமல் வேலி போட்ட வயலில் வளர்த்து, வெவ்வேறு வாரங்களில் ஆட்களிடம் பழக விட்டார்கள். 14 வாரம் வரை பழகாமலே இருந்த குட்டிகள் கிட்டத்தட்ட காட்டு விலங்கு போல ஆகிவிட்டன. யாரும் அடிக்கவில்லை. பழக வேண்டிய வயசில் பழக ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அப்போ மாத்தவே முடியாதா? முடியும். ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற அமெரிக்க விலங்குநல அமைப்பு 2013-லிருந்து இப்படிப்பட்ட நாய்களுக்கென்றே ஒரு மையம் நடத்துகிறது. அங்கே சிகிச்சை பெற்றவற்றில் 80 சதவிகிதத்துக்கும் மேல் வீட்டுக்குப் போகும் அளவுக்குத் தேறின. மாத்திரை மந்திரம் மட்டுமில்லை. தினசரி கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி, கூடவே மனிதர்களோடு நன்றாகப் பழகிய இன்னொரு நாய். பக்கத்து வீட்டில் சாதுவான நாய் இருந்தால், அதுதான் உங்க பெஸ்ட் டீச்சர்!

வீட்டில் என்ன செய்யணும்? முதல் சில நாளுக்கு... ஒண்ணுமே செய்யக் கூடாது. சீரியஸாகத்தான் சொல்றேன். கட்டிலுக்கடியிலிருந்து இழுக்காதீங்க. ஃப்ரெண்ட்ஸ் பட்டாளத்தைக் கூட்டிவந்து 'இங்க பாருடா'ன்னு காட்டாதீங்க. கண்ணுக்குக் கண் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி தரையில் உட்கார்ந்து செமஸ்டருக்குப் படிங்க. (அரியர் கிளியர் ஆக இதைவிட நல்ல வழி கிடையாது!) களியோ தயிர்சாதமோ முட்டையோ, தினம் அதே நேரம், அதே தட்டு. அது பயமில்லாமல் சாப்பிட ஆரம்பித்தபிறகு, நீங்க உட்காரும் இடத்துக்கும் தட்டுக்கும் உள்ள தூரத்தை தினம் அரை அடி குறைங்க. சாப்பிடுவதை நிறுத்தினால் அன்றைக்குப் பின்வாங்குங்க. தொடுவதாக இருந்தால் தலைக்கு மேல் கை கொண்டுபோகாமல், மோந்து பார்க்க விட்டு, கழுத்துப் பக்கமாக.

உதட்டை நக்குது, கொட்டாவி விடுது, கண்ணின் வெள்ளை தெரியுது என்றால் 'போதும், தள்ளிப் போ' என்று அர்த்தம். உறுமினால் திட்டாதீங்க. உறுமல் ஒரு வார்னிங். அதை அடக்கிவிட்டால் அடுத்த தடவை வார்னிங் இல்லாமலே கடி விழும்.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு தமாஷ் பிரச்னை இருக்கு. அப்பா 'வா' என்பார், பாட்டி தெலுங்கில் 'ரா' என்பார், மாலூர்க்கார பெரியம்மா கன்னடத்தில் 'பா' என்பார். பாவம், அது யார் பேச்சைக் கேட்கும்? குடும்பமே உட்கார்ந்து ஒரே ஒரு வார்த்தையை முடிவு பண்ணுங்க.

பலரும் சொல்லும் கணக்கு: பதற்றம் தணிய மூணு நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூணு வாரம், 'இது என் வீடு' என்று தோன்ற மூணு மாசம். பயந்த நாய்க்கு இதைவிட அதிகமாகவே ஆகும், சிலதுக்கு வருஷம்கூட. கேட்டை மட்டும் எப்பவும் சாத்தி வைங்க. புதுசாக வந்த பயந்த நாய் ஒரு ஹாரன் சத்தத்துக்கு ஓடிப்போனால் திரும்ப வழி தெரியாது. வாக்கிங்குக்குக் கழுத்து பெல்ட்டோடு மார்பு பெல்ட்டும் போடுங்க.

ரேபிஸ் ஊசியில் விளையாட்டு வேண்டாம். மூணு மாசக் குட்டியில் தொடங்கி வருஷா வருஷம் போடணும். உங்களைக் கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்குங்க. 'நம்ம நாய்தானே' என்று விடாதீங்க.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்க. உங்க டிகிரி நாலு வருஷம். நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். ஹாஸ்டல் ரூம் செட்டாகாது. நாளைக்கு பிளேஸ்மென்ட்டில் புனே போனால் சோறு வைக்கப்போவது அம்மாதான். அதனால் அம்மா 'சரி' சொன்னபிறகு கூட்டிவாங்க. சொல்லாமல் கொண்டுவந்து, ஒரு மாசத்தில் திருப்பி விட்டால், ஏற்கெனவே பயந்த நாய்க்கு அது இன்னொரு அடி. என்னைக் கேட்டால், அப்படிச் செய்வதற்கு எடுக்காமலே இருப்பது புண்ணியம்.

அப்புறம் தீபாவளி. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை. ரெண்டு மாசம் முன்னாலேயே வெடிச் சத்தத்தை மொபைலில் ரொம்ப மெதுவாகப் போட்டு, கூடவே பிடித்த தீனி கொடுங்க. சாப்பிட்டால் அடுத்த வாரம் ஒரு புள்ளி ஏத்துங்க, நிறுத்தினால் குறைங்க. தெருவில் வெடிக்கும் வெடிக்கு நம்ம கையில் வால்யூம் பட்டன் கிடையாது. அன்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை ஃபுல் ஸ்பீடில் வைத்து, டி.வி-யை ஓடவிட்டு, கட்டிலுக்கடியில் ஒரு பழைய போர்வையைப் போட்டு விட்டுடுங்க.