அந்திநேர அழுகை

மூன்று வாரம் வரை குடிப்பதும் உறங்குவதுமாக இருந்த குழந்தை, ஒரு மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் வீறிடத் தொடங்குகிறது. அரை மணிக்கு ஒருமுறை மார்பைத் தேடுகிறது. நாலு வாய் குடிக்கிறது. விட்டுவிட்டு மறுபடி அழுகிறது. இரவு பத்து, பதினொன்று வரை இதே கதை. “உனக்குப் பால் பத்தலடி, டப்பா பால் வாங்கிக் குடு” என்று பார்க்க வந்த பெரியம்மா சொல்லிவிடுவார். தூக்கமில்லாமல் தவிக்கும் தாய் அதைக் கேட்டு உடைந்துபோகிறாள். பெரும்பாலும் அது தவறான தீர்ப்பு.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெரி பிரேசல்டன், 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களையே நாள்தோறும் குறித்துவைக்கச் சொல்லி, அதன் முடிவை 1962-இல் வெளியிட்டார். இரண்டாவது வாரத்தில் நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்த அழுகை, ஆறாவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாக ஏறியது. பிறகு இறங்கியது. அதிகம் அழுதது மாலையிலும் முன்னிரவிலும்தான். இவை நல்ல ஆரோக்கியத்துடன் இருந்த குழந்தைகள்.

அடிக்கடி குடிப்பதற்கும் காரணம் உண்டு. பச்சைக் குழந்தையின் இரைப்பை சிறியது. தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிப்பது இயல்பு. மாலையில் அடுத்தடுத்துக் குடிக்கும் குழந்தைகளும் ஏராளம். இறைக்கிற கிணறு ஊறுவதைப்போல, உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். இந்த நேரத்தில் புட்டிப்பாலைப் புகட்டினால் குழந்தை மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். பத்தவில்லை என்ற பேச்சு அப்போதுதான் உண்மையாகிறது.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து அளக்க முடியாது. பிறந்த ஐந்தாறு நாளுக்குப் பின் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிவிட்டதா, அதன்பின் எடை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எடை ஏறவில்லை என்றால் குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்பதை மருத்துவரோ செவிலியரோ கவனிப்பது அவசியம். காம்பை மட்டும் பிடித்தால் போதாது. சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும்.

வயிறு நிறைந்தும் அழுகிறதா? தோளில் சாய்த்து ஏப்பம் வரவைக்கலாம். வெற்று மார்போடு அணைத்துக்கொள்ளலாம். ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் குமி குரோடா குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு எளிய வழியைக் காட்டியது: குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிடம் நடப்பது. தூங்கியதும் உடனே கிடத்தினால் விழித்துக்கொள்கிறது. மடியிலேயே ஐந்து முதல் எட்டு நிமிடம் வைத்திருந்து பிறகு கிடத்தினால் தூக்கம் நிலைக்கிறது. 21 குழந்தைகளை மட்டும் பார்த்த சிறிய ஆய்வுதான் என்றாலும், செலவில்லாத வழி. கிடத்தும்போது மல்லாக்க, சமதளத்தில், முகத்தருகே துணியோ தலையணையோ இல்லாமல் கிடத்த வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு, கழுதைப் பால் எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நரம்புகளையே முடக்கும் விஷத்தை உண்டாக்கக்கூடும்.

எல்லா அழுகையையும் இயல்பு என்று விட்டுவிடவும் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மூச்சுத் திணறல் என எது இருந்தாலும் இரவானாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

இத்தனையும் ஒரே பெண்ணின் தலையில் விழக் கூடாது. பாலூட்டுவது மட்டும்தான் அவளால் மட்டுமே ஆகிற வேலை. தூக்கி நடக்கவும் ஏப்பம் எடுக்கவும் துணி மாற்றவும் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் கை இருக்கிறது. யாருக்கானாலும் பொறுமை எல்லை மீறும்போது, குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் அடுத்த அறைக்குப் போய்வரலாம். அதனால் குழந்தைக்கு எந்தக் கெடுதியும் இல்லை. ஆத்திரத்தில் பிடித்துக் குலுக்கினாலோ மூளைக்குள் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும்.