இலைவெட்டித் தேனீயும் கொத்தனார்த் தேனீயும்

தேனீ என்றவுடன் அடையும், அரசியும், தேன் நிறைந்த அறைகளுமே நம் நினைவுக்கு வருவன. ஆயினும் உலகில் இதுகாறும் பெயரிடப்பெற்ற 20,000க்கு மேற்பட்ட தேனீ இனங்களுள் பெரும்பாலானவை கூடி வாழ்வன அல்ல. அரசியும் ஏவலரும் இன்றி, ஒவ்வொரு பெண் தேனீயும் தானே கூடமைத்து, தானே உணவு தேடித் தன் மக்களுக்கு வைத்துச் செல்லும். இத்தகைய தனிவாழ் தேனீக்களின் குடும்பங்களுள் ஒன்று மெகாகிலிடே என்பது. 4,000க்கு மேற்பட்ட இனங்கள் இதன்கண் அடங்கும். இலைவெட்டித் தேனீ, கொத்தனார்த் தேனீ எனப் பெயர் பெற்றவை இக்குடும்பத்தினவே.

இவற்றின் தொழில்திறம் வியக்கத்தக்கது. இலைவெட்டித் தேனீ உரோசா, துவரை முதலியவற்றின் இலை விளிம்பில் அமர்ந்து, தாடைகளையே கத்தரியாகக் கொண்டு, சில நொடிகளில் ஒரு துண்டை நறுக்கிக்கொண்டு பறக்கும். நீண்ட துண்டுகளைச் சுருட்டி, மூங்கில்துளை போன்ற இடங்களிற் சிறு கிண்ணம் போன்றதோர் அறை சமைக்கும். மகரந்தமும் பூந்தேனும் பிசைந்த உணவை அதில் நிரப்பி, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, வட்டமாக நறுக்கிய துண்டுகளால் மூடும். கொத்தனார்த் தேனீயோ மண்ணைக் குழைத்துச் சுவரெழுப்பும். ஆந்திடியம் என்பது செடிகளின் மேலுள்ள பஞ்சு போன்ற மயிரைச் சுரண்டியெடுத்து மெத்தையிடும். வேறு சில மரப்பிசினைக் கொள்ளும். துளையின் உட்புறத்தே பெண் முட்டைகளையும், வாயிலருகே ஆண் முட்டைகளையும் இடுதல் இவற்றுட் பலவற்றின் வழக்கம். ஆண்கள் முன்னர் வெளிப்போதற்கு இது வாய்ப்பாகின்றது.

இவ்வாறு செய்தொழில் பற்றிப் பெயரிடுதல் எளிது. ஆனால் தொழில் ஒன்றாயின் குலமும் ஒன்றாகுமோ? இவற்றை வகைப்படுத்தப் புகுந்தோர் விடைகாண வேண்டியிருந்த வினா இதுவே. 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் தாம் அறிந்த தேனீக்களை ஏபிஸ் என்னும் ஒரே பேரினத்துள் அடக்கினார். 1802-இல் பிரெஞ்சு அறிஞர் லாத்ரேய் மெகாகிலி என்னும் பேரினத்தைப் பிரித்தமைத்தார். ‘பேருதடு’ என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள்.

பின்னர்த் தென்பிரான்சில் வாழ்ந்த ஃபேபர் (1823–1915), சாந்து போன்ற மண்ணாற் கல்லின்மேற் கூடு கட்டும் காலிகோடோமாவைப் பல்லாண்டு நோக்கி எழுதினார். அது கொத்தனார்த் தேனீ என்றே புகழ்பெற்றது. ஆஸ்மியாவும் மண்ணாற் கட்டுவது. அதற்கும் அப்பெயரே வழங்கும். ஆகவே இரண்டும் நெருங்கிய உறவின எனக் கருதுதல் இயல்பு. உடலமைப்போ வேறு கூறுகின்றது. ஆஸ்மியாவின் பாதநகங்களுக்கிடையே சிறு திண்டொன்று உண்டு. காலிகோடோமாவுக்கும் இலைவெட்டிகளுக்கும் அஃது இல்லை. மிச்செனர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட, உலகத் தேனீக்களைப் பற்றிய பெருநூலில், காலிகோடோமா மெகாகிலியின் உட்பிரிவாகவே வைக்கப்பெற்றது. எனவே மண்வேலை செய்யும் அது இலைவெட்டிக்கு நெருங்கிய சுற்றம்; ஆஸ்மியாவுக்குத் தூரத்து உறவே.

இனிக் குடும்பத்தின் பொதுக் குறிகளைக் காண்போம். பிற தேனீக்களுட் பெரும்பாலன மகரந்தத்தைப் பின்கால்களிற் சுமக்க, இவை வயிற்றின் அடிப்புறத்து மயிர்ப்பரப்பிற் சுமக்கும். மேலுதடு அகலத்தினும் நீளம் மிக்கது. ஆனால் கோலியாக்ஸிஸ் என்னும் திருட்டுத் தேனீக்கு இம்மயிர்ப்பரப்பு இல்லை. அது தானே உணவு சேர்ப்பதில்லை. கூரிய வால்நுனியால் இலைவெட்டியின் கூட்டினுள் தன் முட்டையைப் புகுத்திவிடும். அதிலிருந்து வரும் புழு, கூட்டுக்கு உரிய முட்டையையோ புழுவையோ கொன்று, தாய் வைத்த உணவைத் தான் உண்டு வளரும். ஆயினும் உதடும் சிறகு நரம்புகளும் அதனையும் இக்குடும்பத்தினதென்றே காட்டிக்கொடுக்கின்றன. ஒரு குறி மறைந்தவிடத்து மற்றைக் குறிகள் சான்றாகும்.

இவ்வாராய்ச்சி வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. குதிரைமசால் மலர், அமுக்குங்கால் திடீரென விரிந்து, வந்த ஈயை அடிக்கும். கூட்டுத் தேனீக்கள் அதற்கஞ்சிப் பக்கவாட்டில் நாவை நீட்டித் தேனை மட்டும் உண்டு செல்லும். மெகாகிலி ரொட்டண்டாட்டா என்னும் இலைவெட்டியோ அஞ்சாது மலரைத் திறக்கும். ஆதலின் வட அமெரிக்க உழவர் விதைப்பயிரின் பொருட்டு இதனை வளர்க்கின்றனர். ஜப்பானில் ஆப்பிள் தோட்டங்களுக்கு ஓர் ஆஸ்மியா இனம் இவ்வாறே துணைசெய்கின்றது. இனம் அறியாதார்க்கு இப்பயன் கிட்டாது.

இனம் அறியப்பட்ட பின்னரும் அதனை இழந்துவிடுதல் கூடும். வாலஸ் என்னும் அறிஞர் 1858–59-இல் தங்கியிருந்த பாச்சான் தீவில், உலகின் மிகப்பெரிய தேனீயான மெகாகிலி புளூட்டோவைக் கண்டெடுத்தார். பெண்ணின் நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். மரத்தின்மேலுள்ள கரையான்கூட்டிற் பிசினாற் கூடமைப்பது அது. 1981-இல் மெஸ்ஸர் என்பார் மீண்டும் காணும்வரை, 120 ஆண்டுகளுக்கு மேல் அஃது அறிஞர் கண்ணிற் படவில்லை. உயிருள்ள தேனீயைப் படம் பிடித்ததோ 2019-இல்தான்.

ஆஸ்மியா இனங்கள் பெரும்பாலும் வடகோளத்துக் குளிர்நாடுகளில் வாழ்வன. நம் நாட்டிலோ மூங்கில்துளையையும் சுவர்த்துளையையும் மண்ணால் அடைக்கும் தேனீக்களுள் ஒன்று மெகாகிலி லானாட்டா. அதன் கூட்டைக் குளவிக்கூடெனக் கருதி இடிப்பாரும், இலையில் வட்டத் துளை கண்டு செடிக்கு நஞ்சு தெளிப்பாரும் உளர். இழப்பது சில இலைத்துண்டுகளே; அழிவதோ பூவைக் காயாக்கும் துணை. மாணவ அன்பர் அடுத்தமுறை அத்தகைய கூட்டைக் காணின், கோலை எடுக்குமுன், வந்தமரும் ஈயின் வயிற்றடியில் மஞ்சட்பொடி ஒட்டியுள்ளதா என்று சற்றே நோக்குவாராக.