விண்வெளிக்கு ஒரு குட்டி யானை

மதுரை பரவை காய்கறி மார்க்கெட்டுக்கு விடியுமுன் போனால் இரண்டு வகை வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்று பெரிய லாரி. பாரம் நிறைந்தால்தான் கிளம்பும்; அது போகிற வழியில்தான் நம் சரக்கும் போகும். இன்னொன்று குட்டி யானை. பத்து மூட்டையே என்றாலும் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து, சொன்ன கடை வாசலில் இறக்கிவிடும். மூட்டைக்கு வாடகை கூடுதல்தான். ஆனால் கடை திறக்கும்முன் தக்காளி வந்தாக வேண்டியவர் வாடகையா பார்ப்பார்?

இதே கணக்கை விண்வெளியில் போட்டுப் பார்க்கிறது சென்னை ஐஐடியில் உருவான அக்னிகுல் காஸ்மோஸ். ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின், பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி ஆகியோர் 2017-இல் தொடங்கிய தனியார் ராக்கெட் நிறுவனம் இது.

யாருக்குத் தேவை?

2017 பிப்ரவரி 15 அன்று இஸ்ரோவின் பிஎஸ்எல்வி-சி37 ஒரே தடவையில் 104 செயற்கைக்கோள்களை ஏற்றிப் போனது. அதில் கார்டோசாட்-2 வரிசைச் செயற்கைக்கோள் மட்டுமே 714 கிலோ. மற்றவை பெரும்பாலும் சில கிலோ எடை கொண்டவை. இப்படிப் போகும்போது நாளையும் பாதையையும் முடிவு செய்வது பெரிய சரக்குதான். சின்னது ஒட்டிக்கொண்டு போகும். தன் நேரத்தில், தனக்கு வேண்டிய பாதையில் போக நினைக்கும் சிறிய செயற்கைக்கோளுக்காகத் திட்டமிடப்பட்டதுதான் அக்னிகுல்லின் ‘அக்னிபாண்’ ராக்கெட். சுமார் 300 கிலோவை 700 கிலோமீட்டர் உயரம் வரை கொண்டுபோவது இலக்கு.

எஞ்சினில் என்ன புதுமை?

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் மூட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். பம்ப் அடிக்க அடிக்க டேங்கில் அழுத்தம் ஏறும். சூடான குழாயில் எண்ணெய் ஆவியாகி, ஊசிமுனைத் துளை வழியே சீறி, காற்றோடு கலந்து நீலமாக எரியும்.

அக்னிகுல்லின் ‘அக்னிலெட்’ எஞ்சினும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில்தான் எரிகிறது. ஆனால் மேலே போகப் போகக் காற்று கிடையாது. ஆக்சிஜனையும் கட்டிக்கொண்டு போக வேண்டும். வாயுவாகக் கொண்டுபோக இடம் போதாது என்பதால் மைனஸ் 183 டிகிரிக்கும் கீழே குளிர்வித்துத் திரவமாக்குகிறார்கள். இரண்டில் ஒன்று மட்டுமே கடுங்குளிரில் இருப்பதால் இதற்கு அரை கிரையோஜெனிக் எஞ்சின் என்று பெயர்.

வழக்கமான எஞ்சினில் எரிபொருளைத் தூவும் பாகம், எரியறை, நாசில் என ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்து இணைப்பார்கள். எத்தனை இணைப்போ, அத்தனை கவலை. அக்னிலெட்டுக்கு அந்த வேலையே இல்லை. உலோகத் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர் உருக்குகிறது. அதன்மேல் அடுத்த படலம். கடைசியில் முழு எஞ்சினும் ஒரே துண்டாக வெளியே வருகிறது. மாதக்கணக்கில் இழுக்கும் வேலை நாள்கணக்கில் முடிகிறது.

2024 மே 30 காலை 7.15 மணிக்கு, ஸ்ரீஹரிகோட்டாவில் தங்களுக்கென அமைத்த ஏவுதளத்திலிருந்து இந்த எஞ்சினோடு ஒரு சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டார்கள். நாட்டின் முதல் அரை கிரையோஜெனிக் பறப்பு அதுதான். ராக்கெட்டின் உயரம் ஆறு மீட்டர் சொச்சம். செயற்கைக்கோள் எதையும் ஏற்றவில்லை; சுற்றுப்பாதைக்குப் போவதும் நோக்கமில்லை.

குலசை எதற்கு?

பூமியின் துருவங்களுக்கு மேலே சுற்றும் பாதைக்குப் போக இந்தியாவிலிருந்து ராக்கெட் தெற்கே பறக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கே வரும். வளைந்து போக எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். பெரிய ராக்கெட் அதைத் தாங்கும். சின்ன ராக்கெட்டுக்கோ ஏற்றும் சரக்கே குறைந்துவிடும். திருச்செந்தூரை அடுத்த குலசை என்கிற குலசேகரப்பட்டினத்தில் தெற்கே வெறும் கடல்தான். அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

சீனா காட்டும் பாடம்

இந்தியா 2020-இல் தனியாருக்கு விண்வெளிக் கதவைத் திறந்தது. சீனா 2014-லேயே திறந்துவிட்டது. அங்கே லேண்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் முதல் ராக்கெட் 2018-இல் தோற்றது. அடுத்த ரகமான ஜூச்சுவே-2ஐ 2022 டிசம்பரில் ஏவியபோதும் தோல்வி. 2023 ஜூலையில் அதே ரகம் மீத்தேனில் இயங்கிச் சுற்றுப்பாதையை எட்டிய உலகின் முதல் ராக்கெட் ஆனது. இரண்டு தோல்வியைத் தாங்கும் பண பலம் இருந்ததால்தான் மூன்றாவது முயற்சியில் வெற்றி வந்தது.

பெரிய லாரியும் சும்மா நிற்கவில்லை. ஸ்பேஸ்எக்ஸ் 2021 ஜனவரியில் ஒரே ராக்கெட்டில் 143 செயற்கைக்கோள்களை ஏற்றிப்போனது. கிலோ கணக்கில் அந்த வாடகையோடு சின்ன ராக்கெட் போட்டி போட முடியாது. அதனிடம் விற்க இருப்பது நேரம் ஒன்றுதான். அக்னிகுல்லின் சோதனைப் பறப்போ நான்கு முறை தள்ளிப்போய்தான் நடந்தது. முதல் முயற்சிக்கு அது குறையில்லை. ஆனால் சரக்கு ஏற்றத் தொடங்கிய பிறகு, சொன்ன நேரத்துக்கு வராத குட்டி யானையை மறுநாள் யார் கூப்பிடுவார்கள்?