வேலை பழகுகிறவருக்கும் ஒப்பந்தம் உண்டு

“தம்பி, முதல்ல வேலையைப் பழகு. காசைப் பற்றிப் பிறகு பாப்பம்.”

யாழ்ப்பாணத்தில் கராச்சுக்கோ லேத் கடைக்கோ மரவேலைப் பட்டறைக்கோ புதிதாகப் போகிற பிள்ளை முதலில் கேட்கும் வார்த்தை இது. சொல்கிற முதலாளி கெட்டவராக இருக்கவேண்டும் என்றில்லை. அவரும் இப்படித்தான் பழகினார். ஆனால் அந்தப் ‘பிறகு’ எப்போது வரும் என்று எங்கும் எழுதப்படுவதில்லை. ஆறு மாதம் இரண்டு வருடமாகிறது. பிள்ளை எஞ்சினைத் தனியே கழற்றிப் பூட்டுகிறான், கூலி மட்டும் கைச்செலவுக் காசாகவே நிற்கிறது. வெளியே போனாலோ, அவனுக்கு வேலை தெரியும் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

குடாநாட்டில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றுபோனது. மூத்த தொழிலாளிக்குக் கீழே இளையவர் வரிசையாகப் பழகி மேலே வரக்கூடிய பெரிய வேலைத்தலங்கள் அதன்பின் இங்கே அரிதாகிவிட்டன. அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை இந்திய உதவியுடன் மீண்டும் எழுந்தாலும், வேலை பழகும் இடம் என்றால் இன்றும் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சிறு பட்டறைதான். அங்கே நிர்வாகப் பிரிவும் இல்லை, சம்பளப் பட்டியலும் இல்லை. ஆகவே சட்டத்தைத் தெரிந்துவைத்திருக்கும் பொறுப்பு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் முதலாளிக்குமே வந்து சேர்கிறது.

என்னென்ன வழிகள் உண்டு

வேலைத்தலத்திலேயே முறையாகப் பழகுவதற்கென்று அரசு ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பயிலுனர் சபையாகத் தொடங்கி, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய வடிவம் பெற்ற தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை அது. சனங்கள் சொல்வது ‘நைற்றா’. பிள்ளை, முதலாளி, அதிகாரசபை என மூன்று தரப்பும் இதில் சேர்கின்றன. பிள்ளை பட்டறையில் வேலை பழகுகிறது. தினமும் என்ன செய்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குகிறது. அதிகாரசபையின் பரிசோதகர் இடையிடையே வந்து பார்க்கிறார். முடிவில் மதிப்பீடு நடந்து சான்றிதழ் கிடைக்கிறது.

வகுப்பறையும் பட்டறையும் சேர்ந்த பயிற்சி வேண்டுமானால் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன. குடாநாட்டுக்கு வெளியே, கிளிநொச்சி அறிவியல் நகரில், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வாகனம், மின், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் டிப்ளோமா நிலை வரை கற்பிக்கிறது. அரச நிலையங்களில் பல கற்கைகளுக்குக் கட்டணம் இல்லை. சாதாரண தரத்தில் சறுக்கிய பிள்ளை பாடசாலையை விட்டுத்தான் போகவேண்டும் என்றும் இல்லை. 2017இல் 42 பாடசாலைகளில் ஆரம்பித்த ‘13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வி’, சித்தியைப் பாராமல் உயர்தர வகுப்பில் தொழிற்பாடம் படிக்க இடம் தருகிறது.

எந்த வழியால் போனாலும் கைக்கு வரவேண்டியது ‘என்.வி.கியூ’ எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ். அது ஏழு படிகள் கொண்டது. நான்காம் படி வரை தொழிற்சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் படி பட்டத்துக்குச் சமம். ஆக, இன்று மேசனிடம் கையாளாகச் சேர்கிற பிள்ளைக்கும் மேலே போக ஒரு பாதை சட்டப்படி திறந்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் அந்தப் பாதையில் கால்வைக்க முடியாது.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்

கொடுப்பனவை அரசு தருகிறதா, முதலாளி தருகிறாரா, இருவரும் பகிர்கிறார்களா, எத்தனை மாதத்துக்கு என்பதெல்லாம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கையெழுத்து வைக்குமுன் கீழுள்ளவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்:

• எந்தத் தொழில், எந்தப் படிச் சான்றிதழ்
• தொடங்கும் திகதியும் முடியும் திகதியும்
• மாதக் கொடுப்பனவு எவ்வளவு, யார் தருவது, எந்த நாளில்
• வேலை நேரம், விடுமுறை
• கண்ணாடி, கையுறை, சப்பாத்து போன்றவற்றை யார் வாங்கித் தருவது
• பழக்குகிற ஆளின் பெயர்
• இடையில் விலகினால் என்ன நடக்கும்

வட மாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ். தமிழில் படிவம் கேட்பது உரிமை. விளங்காத மொழியில் உள்ள தாளில் ‘எல்லாரும் வைக்கினம்’ என்பதற்காகக் கையெழுத்து வைக்கத் தேவையில்லை. சாதாரண தரப் பெறுபேற்றின் மூலப் பிரதியையோ கடவுச்சீட்டையோ பிணையாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். போட்டோப் பிரதி போதும்.

‘பழகிறவன்’ என்ற பெயரால் எவை இல்லாமற் போகாது

முதலாவது, வயது. 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்பின் 16 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைத்திருப்பது குற்றம். 16க்கும் 18க்கும் இடைப்பட்டவர்களை ஆபத்தான தொழில்கள் எனப் பட்டியலிடப்பட்டவற்றில் அமர்த்த முடியாது. ‘சொந்தக்காரப் பொடியன்தானே’ என்பது சட்டத்தின் முன் நிற்காது.

இரண்டாவது, ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தை மட்டுமன்றி வாய்ப்பேச்சையும் ஒப்பந்தமாக எடுத்துக்கொள்கிறது. தற்காலிகம், அமயம், பயிலுனர் என்று பெயர் வைப்பதால் மட்டும் ஒருவர் அதற்கு வெளியே போய்விடுவதில்லை. சம்பளத்தில் 8 வீதம் ஊழியரிடமிருந்து, 12 வீதம் முதலாளியிடமிருந்து. இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 30,000 ரூபா உழைக்கிற ஒருவருக்கு முதலாளி போடவேண்டிய பங்கு மட்டும் மாதம் 4,500 ரூபா. இரண்டு வருடம் போடாமல் விட்டால் அந்த இளைஞர் இழப்பது 108,000 ரூபா. வட்டி வேறு.

மூன்றாவது, விபத்து. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் பயிலுனர் ஒப்பந்தத்தையும் சேர்த்தே பேசுகிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்ச நட்டஈட்டை 20 இலட்சம் ரூபாவாக்கியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. கிரைண்டர் தெறித்துக் கண்ணில் பட்டால், ஆஸ்பத்திரியில் “வீட்டில விழுந்தது” என்று சொல்லச் சொல்வார்கள். சொல்லாதீர்கள். நோயாளர் அட்டையில் எழுதப்படும் அந்த ஒரு வரிதான் பிறகு வழக்கின் அடித்தளம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. பயிற்சி இடத்தில் பாலியல் தொந்தரவு கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். ‘சான்றிதழ் தரமாட்டேன்’ என்ற மிரட்டலுக்குப் பயந்து வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. மதிப்பீடு செய்கிறவர் முதலாளி அல்லர், வெளியிலிருந்து வருகிறவர்.

ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கு

பதினைந்து வருடமாக ஓடாவி வேலை செய்கிறவர் மீண்டும் வகுப்பில் போய் இருக்கத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை அவருக்கானது. நைற்றா அலுவலகத்தில் விண்ணப்பித்து, செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் முதலியவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பின் ஒரு நாள் மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்ட வேண்டும். கட்டிட மேசன் என்றால் ஒரு மூலை எழுப்பச் சொல்வார்கள். நூல் பிடிக்கிறாரா, தூக்குக்குண்டு பார்க்கிறாரா, கலவை விகிதம் என்ன என்று கேட்டால் பதில் வருகிறதா என்று கவனிப்பார்கள். தேர்ச்சி நியமத்தில் ஏதாவது ஒரு பகுதி குறைந்தால் அந்தப் பகுதியை மட்டும் பழகி மறுபடி போகலாம்.

நல்ல தொழிலாளிகள் பலர் சறுக்குவது செய்முறையில் அல்ல, பாதுகாப்புக் கேள்விகளில்தான். வாழ்நாள் முழுக்க வெறுங்காலுடன் சாரத்தில் ஏறியவருக்கு ‘தலைக்கவசம் எதற்கு’ என்ற கேள்வி வேடிக்கையாக இருக்கும். அதற்கும் ஆயத்தமாகப் போகவேண்டும்.

ஏமாறாமல் இருக்க

பணம் வாங்கிப் பயிற்சி கொடுக்கும் எந்தத் தனியார் நிறுவனமும் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்க வேண்டும். பலகையில் ‘அரச அங்கீகாரம்’ என்று எழுதியிருப்பது பதிவு ஆகாது. நிறுவனம் பதிந்திருப்பதும் போதாது, நீங்கள் சேரும் கற்கை நெறி என்.வி.கியூவுக்கு அங்கீகரிக்கப்பட்டதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடலாம். ஒருவர் காட்டும் என்.வி.கியூ சான்றிதழ் உண்மையானதா என்பதையும் அங்கேயே சரிபார்க்கலாம். ஆள் எடுக்கிற முதலாளிக்கும் இது உதவும்.

‘மூன்று மாதக் கோர்ஸ், உடனே வெளிநாட்டு வேலை’ என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. பயிற்சி கொடுப்பதற்கான பதிவு வேறு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதற்கான அனுமதிப்பத்திரம் வேறு. இரண்டாவதை வழங்குவது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். தாலிக்கொடியை அடகு வைக்குமுன் 1989 என்ற அதன் இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்து, முகவரின் அனுமதி இலக்கத்தைச் சொல்லி விசாரியுங்கள்.

முதலாளிமாருக்கு

“பழக்கிவிட்டால் கனடாவுக்குப் போயிடுவான்” என்ற மனக்குறை நியாயமற்றதல்ல. பழக்குவதில் நேரம் போகிறது, பொருள் பழுதாகிறது. பிற நாடுகளில் அரசு இதை உணர்ந்து பணம் ஒதுக்குகிறது. இந்தியாவில் 2016இல் வந்த தேசிய பயிலுனர் ஊக்குவிப்புத் திட்டம் உதவித்தொகையில் 25 வீதத்தை, மாதம் 1,500 இந்திய ரூபா வரை, முதலாளிக்குத் திருப்பிக் கொடுத்தது. பிரித்தானியாவில் 2017 முதல் ஆண்டுச் சம்பளச் செலவு 30 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடமிருந்து அரை வீதம் அறவிட்டு அதைப் பயிலுனர் பயிற்சிக்குச் செலவிடுகிறார்கள். அத்தகைய நிதி இங்கும் வேண்டும் என்று வர்த்தக சங்கங்கள் குரல் கொடுக்கவேண்டும்.

அதுவரைக்கும் இருப்பதைப் பயன்படுத்தலாம். நைற்றா மூலம் எடுத்தால் பாடத்திட்டம், பரிசோதகர், மதிப்பீடு ஆகியவை அரசின் பொறுப்பு. காலம் எழுத்தில் இருப்பதால் பிள்ளை இடைநடுவே விட்டுப்போகும் வாய்ப்பும் குறைகிறது. மாறாக, பதியாமல் வைத்திருந்தால் ஒரு முறைப்பாட்டோடு கணக்குத் தலைகீழாகும். சேமலாப நிதி ஒவ்வொரு மாதத்துக்கும் அடுத்த மாத இறுதிக்குள் கட்டப்பட வேண்டும். தாமதத்துக்கு 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும்.

எங்கே போவது

எதற்கும் முதற்படி உங்கள் பிரதேச செயலகம். யாழ் மாவட்டத்தின் 15 பிரிவுகளில் நெடுந்தீவும் மருதங்கேணியும் அடங்கும். பட்டணத்துக்கு வர முடியாதவர்கள் தங்கள் பிரிவிலேயே மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேட்கலாம். சம்பளம், சேமலாப நிதி, வயது தொடர்பான முறைப்பாடுகளுக்கு மாவட்டத் தொழில் அலுவலகம். பயிற்சியின் தரம், சான்றிதழ் தாமதம் என்றால் நைற்றா மாவட்ட அலுவலகம். பதில் வராவிட்டால் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. முறைப்பாட்டுடன் வேலைக்குப் போன நாட்களின் குறிப்பு, காசு வாங்கிய திகதி, முதலாளி அனுப்பிய வட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் இணையுங்கள். ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருந்த இடத்தில் இவைதான் சாட்சி.

‘இந்த வருசம் ஒதுக்கீடு முடிஞ்சுது’ என்று ஓர் அலுவலகம் திருப்பி அனுப்பினால், எவ்வளவு ஒதுக்கினார்கள், எத்தனை பேருக்குப் போனது என்று கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. ஒரு சனசமூக நிலையம் ஆண்டுக்கு ஒரு முறை தன் பிரதேசத்துக்கான இந்தக் கணக்கைக் கேட்டு அறிவித்தல் பலகையில் ஒட்டினாலே, பயிற்சி இடங்கள் தெரிந்தவர்களுக்குள் மட்டும் பங்கிடப்படுவது குறையும்.

பெற்றோர் பலர் ஒப்பந்தம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். “பழக்கித் தாறவரிட்ட எப்பிடிக் கேக்கிறது?” என்பார்கள். முதல் நாளில் கேட்டால் அது வெறும் விசாரிப்பு, இரு பக்கத்துக்கும் தெளிவு. இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அது வழக்கு. கேட்பதற்கு உரிய நாள், பிள்ளை பட்டறை வாசலை மிதிக்கிற அன்றுதான்.